விறைக்காத கைக்குட்டை

வக்கீலின் வெள்ளைச் சட்டையில் ஒரு நீர்த்தடம் இருந்தது. பைக்கு இரண்டு விரல் கீழே, பொத்தான் அளவுக்கு வட்டமாக. தேய்த்து மடித்து உறையில் போட்டு அனுப்பிய சட்டை அப்படியே திரும்பி வந்துவிட்டது. மறுநாள் ஓர் ஆசிரியையின் வெளிர்நீல மேலங்கியில் இரண்டு தடங்கள். அதற்கடுத்த நாள் ஒரு தலையணை உறையில். அந்தச் சலவைக் கடையிலிருந்து அதுவரை ஒரு துணிகூட அப்படித் திரும்பி வந்ததில்லை.

முதல் பழி என் மேல் விழுந்தது. கடைக்கு மேலே இருந்த அறையில் நான் வாடகைக்கு இருந்தேன். மழை பத்து நாளாக விடாமல் பெய்துகொண்டிருந்த சமயம்.

"தம்பி, உங்க குளியலறைக் குழாய் எதுவும் ஒழுகுதா?" படிக்கட்டின் அடியில் நின்று கடைக்கார அக்கா கேட்டார். கேட்கும்போதே வாளியும் துடைப்பத் துணியும் கையில் இருந்தன.

"இல்லையே அக்கா."

"மேல ஒழுகல, கீழ ஒழுகல. அப்ப சட்டை தானா அழுவுதா?"

இறங்கிப் போனேன். அந்தக் கடைக்குள் நுழைவது எனக்குப் பிடிக்கும். வெளியே ஊரே நனைந்து கிடக்க, உள்ளே சூடான பருத்தியின் வாசனையும் சோப்பின் வாசனையும் கலந்து, அடுப்பங்கரை மாதிரி இதமாக இருக்கும். பின்கட்டில் இரண்டு சலவை இயந்திரங்கள், ஊறவைக்கும் நான்கு தொட்டிகள், நீராவிக் கொதிகலன். அதிலிருந்து சுவரோடு ஓடும் குழாயில் அவசரத்துக்குத் துணி காயப் போடுவார்கள். முன்கட்டில் நீண்ட தேய்ப்பு மேசை. அதன் பின்னால் அண்ணன்.

அக்காவின் கணவரைத்தான் அண்ணன் என்கிறேன். தெருவில் அவருக்கு 'மடிப்பு' என்று பெயர். அவர் தேய்த்த கால்சட்டையின் மடிப்பில் கை வைத்தால் கீறிவிடும் என்று கேலி செய்வார்கள்.

இஸ்திரிப் பெட்டியைக் கழற்றிப் பார்த்தேன். எனக்கு எதையும் திறந்து பார்த்தாக வேண்டும். கொதிகலனிலிருந்து நீராவி ஒரு ரப்பர் குழாய் வழியாகப் பெட்டிக்கு வருகிறது. பிடியில் உள்ள விசையை அழுத்தினால் ஒரு வால்வு திறந்து, அடித்தகட்டில் உள்ள துளைகளின் வழியாக ஆவி துணிக்குள் இறங்கும். தகடு போதிய சூட்டில் இல்லையென்றால் ஆவி குளிர்ந்து நீராகித் துப்பும். ஆனால் துப்பினால் துளைகளின் வரிசையில் நாலைந்து புள்ளிகள் விழும். விளிம்பில் துருவின் பழுப்பும் இருக்கும். இங்கே விழுந்ததோ ஒற்றைத் துளி, நிறமே இல்லை. சுற்றிலும் சிதறலும் இல்லை. கூரையிலிருந்து விழுந்திருந்தால் சிதறியிருக்கும். இது ஒரு முழம் உயரத்திலிருந்து விழுந்த துளி.

அவ்வளவு தூரம் கணக்குப் போட்டேன். கூரையைப் பார்த்தேன், குழாயைப் பார்த்தேன், பெட்டியைப் பார்த்தேன். மேசைக்கு மேலே ஒரு முழ உயரத்தில் என்ன இருக்கிறது என்று மட்டும் பார்க்கவில்லை. அங்கே அண்ணனின் முகம் இருந்தது.

"என்ன தியேட்டர், கண்டுபிடிச்சாச்சா?" என்று கேட்டபடி உள்ளே வந்தார் அண்ணனின் மைத்துனர், அக்காவின் தம்பி. நாற்பது வயது. வேனில் துணி எடுத்து வருவதும் கொண்டுபோய்க் கொடுப்பதும் அவர் வேலை. நான் பெரிய மருத்துவமனையில் மூளை, முதுகுத்தண்டு அறுவை அரங்கில் டெக்னீசியன். அதனால் அவருக்கு நான் தியேட்டர். தினமும் "இன்னைக்கு என்ன படம்?" என்று கேட்பார். நானும் தினமும் சிரிப்பேன்.

"பெட்டியில கோளாறு இல்ல."

"அப்ப பேய்தான்" என்று சொல்லிவிட்டு அடுக்கடுக்காக நான்கு தும்மல் போட்டார்.

"அந்தப் பக்கம் போய்த் தும்முடா" என்றார் அக்கா. "இவருக்கும் ஒட்ட வச்சாச்சு. ஆபரேஷன் பண்ணின மூக்கு. உனக்குச் சளி பிடிக்க வேற நேரம் கிடைக்கலையா?"

"சளி என்னக்கா, தேதி குறிச்சுட்டா வருது?"

அண்ணன் கழுத்தை நிமிர்த்தி, மூக்கை ஒரு தரம் உறிஞ்சிக்கொண்டு, அடுத்த சட்டையை விரித்தார்.

அந்த ஆபரேஷன் நடந்து அப்போது நான்கு வாரம்.

அதற்கு முந்தைய சில மாதங்களாக அண்ணன் அடுக்கி வைத்த துணிகளை அவரே இடித்துத் தள்ளிக்கொண்டிருந்தார். நேரே இருப்பது நன்றாகத் தெரியும். ஊசியில் நூல் கோப்பார். இரண்டு பக்கமும் இருப்பது தெரியாது. கதவு நிலையில் தோளை இடித்துக்கொள்வார். "குதிரைக்குக் கண்பட்டி கட்டினாப்பல இருக்கீங்க மச்சான்" என்று மைத்துனர் கேலி செய்தார். கேலியைக் கேட்டுத்தான் எனக்குப் பொறி தட்டியது. மருத்துவமனைக்கு அழைத்துப் போனேன்.

மூக்கின் வேருக்கு நேர் பின்னால், தலையின் நடுவில், எலும்பால் ஆன ஒரு சிறிய கிண்ணம் இருக்கிறது. அதில் பட்டாணி அளவில் ஒரு சுரப்பி உட்கார்ந்திருக்கிறது. கிண்ணத்துக்கு மேலேதான் இரண்டு கண்களின் நரம்புகளும் ஒன்றையொன்று கடந்து போகின்றன. சுரப்பியில் கட்டி வளர்ந்து மேலே முட்டினால் அந்தக் குறுக்குச் சந்தி நசுங்கும். பக்கவாட்டுப் பார்வையைச் சுமந்து வரும் இழைகள் சரியாக அங்கேதான் ஓடுகின்றன. அதனால்தான் நடுப்பார்வை அப்படியே இருக்க, இரு ஓரங்களும் இருண்டுவிடுகின்றன. முதன்முதலில் இதைப் படித்தபோது நான் எழுந்து அறைக்குள் நடந்தேன். அவ்வளவு நேர்த்தியான ஏற்பாடு.

கட்டியை எடுக்க மண்டையைத் திறக்கத் தேவையில்லை. மூக்குத் துவாரத்தின் வழியே கேமராக் குழலை விட்டு, பின்னால் உள்ள காற்றறைக்குள் போய், முட்டை ஓடு போன்ற எலும்பைத் திறந்து, கீழிருந்து சுரண்டி எடுக்கலாம். விளக்கும் கேமராவும் என் பொறுப்பு. அண்ணனின் மூக்குக்குள் நானும் பயணம் போனேன் என்றே சொல்லலாம். கட்டி முழுதும் வந்தது. மேலே வெங்காயத் தோல் மாதிரி ஒரு சவ்வு இறங்கி வந்து நின்றது. அதற்கு அந்தப் பக்கம் மூளை மிதக்கும் நீர். சவ்வு கிழிந்திருக்கிறதா என்று பார்க்க, மயக்க டாக்டர் நுரையீரலில் காற்றை அழுத்திப் பிடித்தார். பத்து எண்ணும்வரை எல்லோரும் திரையைப் பார்த்தோம். ஒரு சொட்டும் வரவில்லை. மெல்லிய பஞ்சு போன்ற ஒன்றை வைத்து மூடினார்கள்.

மூன்றாம் நாள் அண்ணன் படுக்கையில் தலையைத் திருப்பாமலே பக்கத்துக் கட்டில்காரரின் போர்வையைப் பார்த்து, "கரை வெளிய தெரியுது, உள்ள மடிச்சு விடுங்க" என்றார். அக்கா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு அழுதார்.

வீட்டுக்கு அனுப்பும்போது சிஸ்டர் விரல் விட்டு எண்ணிச் சொன்னார். மூக்கைச் சிந்தக் கூடாது. கனம் தூக்கக் கூடாது. முக்கக் கூடாது. மூன்று மாதம் குனியவே கூடாது. அக்கா அதை அப்படியே ஒப்பிப்பார். தொட்டியில் கை வைக்க அண்ணனை விடவில்லை, வாளி தூக்க விடவில்லை. ஆனால் மூன்றாவது வாரம் அவர் தேய்ப்பு மேசைக்குப் போனபோது தடுக்கவில்லை. ஏனென்றால் சலவைக்காரர்கள் கணக்கில் துவைப்பது குனியும் வேலை, மடிப்பது உட்காரும் வேலை, தேய்ப்பது நிற்கும் வேலை. நானும் அப்படித்தான் நினைத்தேன். அந்த மேசை தொடையளவு உயரம்தான். தோள் கனத்தைப் பெட்டியில் இறக்குவதற்காக அப்படிச் செய்தது. சட்டைக் கழுத்தைத் தேய்க்கும்போது தலை நெஞ்சுக்குக் கீழே போய்விடும். ஒரு நாளைக்கு நூற்றைம்பது தடவை.

அந்த வாரத்தில்தான் மைத்துனருக்குச் சளி பிடித்தது. அண்ணனும் மூக்கை உறிஞ்ச ஆரம்பித்தார். என்னைக் கேட்டார்கள்.

"மூக்குல பண்ணின ஆபரேஷன், கொஞ்ச நாள் தண்ணியா வரும்" என்றேன். சொல்லிவிட்டு மாடிக்குப் போய்த் தூங்கினேன். அதை இன்றும் நினைத்துப் பார்க்கிறேன்.

பெட்டியைக் கழற்றிப் பார்த்ததற்கு மறுநாள் எனக்கு விடுமுறை. பத்து மணித் தேநீருக்குக் கீழே இறங்கினேன். ரொட்டியும் அவித்த முட்டையும் வழக்கம்போல் தேய்ப்பு மேசையின் ஓரத்தில், செய்தித்தாள் விரித்து. அன்று குழாயில் தண்ணீர் வரவில்லை. அந்தக் கடையில் அழுக்குத் துணி காயும்படி விடுவது பாவம். வந்த நிமிடமே ஊறப் போட்டுவிடுவார்கள், காய்ந்தால் கறை பிடித்துக்கொள்ளும். வீட்டுத் துணிக்கும் அதே சட்டம்தான். கைக்குட்டை பையிலிருந்து நேரே தொட்டிக்குப் போகும். அன்று தொட்டி வறண்டு கிடந்ததால் அக்கா முணுமுணுத்துக்கொண்டே காலையில் கிடைத்த இரண்டு கைக்குட்டைகளை நீராவிக் குழாயில் போட்டு வைத்திருந்தார்.

பதினொரு மணிக்குத் தண்ணீர் வந்தது. கைக்குட்டைகளை எடுக்கப் போன அக்கா அங்கேயே நின்றுவிட்டார்.

"டேய், நீலக் கரை போட்டது உன்னுதா?"

"ஆமா. ஏன், தனியா சலவைக் கூலி கேக்கப் போறியா?"

அக்கா இரண்டையும் கொண்டுவந்து மேசையில் வைத்தார். தம்பியுடையது அப்பளம் மாதிரி விறைத்து, மடித்தால் நொறுங்குமோ என்றிருந்தது. மற்றது துவண்டு கிடந்தது. ஒரு மங்கிய வளையம் தவிர அதில் ஒன்றுமில்லை. முகர்ந்து பார்த்தார். கட்டைவிரலால் தேய்த்துப் பார்த்தார்.

"தம்பி, இது சளி இல்ல."

"தண்ணியா வர்ற சளி அக்கா."

"இருபத்திரெண்டு வருஷமா ஊர் மூக்கைத் தொவைக்கிறேன், எனக்குத் தெரியாதா? எவ்வளவு தண்ணியா வந்தாலும் சளி சளிதான். காஞ்சா கஞ்சி போட்டாப்பல வெறைச்சுக்கும். இது ராத்திரி பூரா அவர் வச்சிருந்த துணி. வெறும் தண்ணியில நனைச்சுக் காய வச்சாப்பல கெடக்கு. மூக்குல ஏது வெறும் தண்ணி?"

என் கையில் இருந்த முட்டையைச் செய்தித்தாளில் வைத்தேன். சளியில் பசைத்தன்மையுள்ள புரதம் இருக்கிறது, அதுதான் துணியை விறைக்க வைக்கிறது. மூளையைச் சுற்றியுள்ள நீரில் அது இல்லை. பயிற்சிக் காலத்தில் ஒரு வரியாகப் படித்ததுதான். படித்தது ஒரு பக்கம், நான் வாழ்ந்தது ஒரு பக்கம்.

"அண்ணே," என்றேன், "செருப்பு வார் போடுற மாதிரி கொஞ்சம் குனியுங்க."

"எதுக்கு? மேசையில வேலை கெடக்கு."

"குனியுங்கன்னா குனியுங்க" என்றார் அக்கா.

குனிந்தார். ஐந்து விநாடி ஒன்றுமில்லை. பிறகு வலது துவாரத்திலிருந்து ஒரு துளி சிமெண்ட் தரையில் விழுந்தது. பிறகு இன்னொன்று. பிறகு குழாய் சரியாக மூடாத மாதிரி வரிசையாக. மைத்துனர் சிரிக்க வாயெடுத்து நிறுத்திக்கொண்டார்.

"தொண்டையில உப்புக் கரிக்குதா?"

"பத்து நாளா."

"எழுந்து நின்னா தலைவலி?"

"இருக்கு. படுத்தா போயிடுது."

"ஏங்க, எங்கிட்ட ஏன் சொல்லல?" என்றார் அக்கா. "நான் கூரையத் தொடைச்சுக்கிட்டிருக்கேன், இந்தத் தம்பிய குளியலறையச் சோதிக்கச் சொல்றேன்!"

அண்ணன் நிமிர்ந்து முகத்தைத் துடைத்தார். "சட்டையில விழுந்தது என் மூக்குத் தண்ணின்னு தெரிஞ்சா நாளைக்கு ஒருத்தன் இங்க துணி போடுவானா? சளி போனா நின்னுடும்னு இருந்தேன்."

நான் விளக்கினேன். சவ்வில் எங்கோ ஒரு பொத்தல். தலைக்குள் ஒரு கோப்பைக்கும் குறைவான நீர்தான் இருக்கிறது. உடம்பு அதை ஒரு நாளைக்கு மூன்று முறைக்கு மேல் புதிதாக ஊறவைக்கிறது, அதனால் சொட்டினாலும் வற்றாது. போகும் நீர் ஆபத்தில்லை. நீர் வெளியே வரும் வழியில் மூக்கின் கிருமிகள் உள்ளே போகும். போனால் மூளைச்சவ்வில் சீழ் பிடிக்கும். "இன்னைக்கே போகணும். திரும்ப அடைக்கணும்."

"திரும்ப ஆபரேஷனா?"

"ஆமா."

"மாட்டேன்."

"என்னங்க சொல்றீங்க?"

"கண்ணு வந்திருக்கு. அதே எடத்துல மறுபடி கை வச்சா போயிடும். நாலு மாசம் நான் பட்டது எனக்குத்தான் தெரியும். பக்கத்துல நீ நிக்கிறது தெரியாம உன் கையில பெட்டிய வச்சுச் சுட்டேனே, மறந்துட்டியா? சொட்டினா சொட்டட்டும். நான் நிமிர்ந்து நின்னுக்கறேன்."

அன்று முழுதும் பேசினோம். மைத்துனர் கெஞ்சினார், பிறகு திட்டினார். "மச்சான், கடைப் பேருக்குப் பயந்து தலைய விட்டுடுவீங்களா? தலை இருந்தாத்தானே தேய்க்க முடியும்!" அக்கா சாப்பிடாமல் இருந்து பார்த்தார். அண்ணன் எழுந்து போய் அவருக்கு ரொட்டி வாட்டிக்கொண்டு வந்து கொடுத்தார், முடிவை மட்டும் மாற்றவில்லை.

இரண்டாம் நாள் மதியம் அவர் ஜன்னல் பக்கம் பார்க்க மறுத்தார். மழை மேகத்தின் மங்கல் வெளிச்சமே கண்ணைக் குத்துகிறது என்றார். தொட்டால் உடம்பு கொதித்தது. கழுத்தை வளைக்க முடியவில்லை. "சரி, வண்டிய எடு" என்று அவரே மைத்துனரிடம் சொன்னார். வேனின் பின்பக்கம், துணி மூட்டைகளின் நடுவில் படுக்க வைத்துக் கொண்டுபோனோம். அக்கா வழியெல்லாம் தன் கையால் அவர் கண்களை மூடியபடி வந்தார்.

முதுகில் ஊசி போட்டு எடுத்த நீர் கலங்கலாக இருந்தது. பெரிய டாக்டர் வந்தார். "எத்தனை நாளா ஒழுகுது?" என்று கேட்டார். அக்கா பையைத் திறந்து இரண்டு கைக்குட்டைகளையும் கட்டில் ஓரத்தில் பக்கம் பக்கமாக வைத்தார்.

"இது சளி பிடிச்ச என் தம்பியோடது. இது இவரோடது. நாங்க எதையும் காய விடமாட்டோம் டாக்டர், உடனே ஊறப் போட்டுடுவோம். அதான் இத்தனை நாளா என் கண்ணுல படல."

டாக்டர் இரண்டையும் தொட்டுப் பார்த்தார். துவண்டதை நெடுநேரம் விரல்களுக்கிடையில் வைத்திருந்தார். "முதல் நாளே நான் உங்ககிட்ட கேட்டிருக்கணும்மா" என்று மட்டும் சொன்னார். அன்றே அண்ணனின் மூக்கிலிருந்து குப்பியில் பிடித்த சொட்டு பரிசோதனைக்குப் போனது. மூளை நீர்தான் என்று பதில் வந்தது.

இரண்டு வாரம் நரம்பு வழியே மருந்து ஏறியது. முதல் நான்கு நாள் அவர் எங்களை அடையாளம் கண்டும் காணாமலும் இருந்தார். ஒருநாள் என்னை வக்கீல் என்று நினைத்து மன்னிப்புக் கேட்டார். ஐந்தாம் நாள் காய்ச்சல் இறங்கியது. கிருமி போனதை மறுபடி ஊசி போட்டு உறுதி செய்த பிறகே அறுவைக்கு நாள் குறித்தார்கள்.

கையெழுத்துப் போடுமுன் அண்ணன் டாக்டரிடம் ஒன்றே ஒன்று கேட்டார்: "கண்ணு?"

"நரம்பைத் தொட மாட்டேன். ஆனா சத்தியம் பண்ணித் தர முடியாது."

"அது போதும்" என்று பேனாவை வாங்கினார்.

மறுபடியும் அந்தப் பாதையில் கேமராவைக் கொண்டுபோனேன். இந்த முறை கிண்ணத்தின் மேல் மூலையில் கடுகளவு ஓட்டை தெரிந்தது. இதயத் துடிப்புக்கு ஏற்ப அதில் நீர் முத்தாகத் திரண்டு வழிந்தது. முதல் அறுவையன்று அது இல்லை. அப்போது தாங்கிய மெல்லிய இடம், குனிந்து குனிந்து அழுத்தம் ஏறியதில் விட்டுக்கொடுத்திருந்தது. வயிற்றில் சிறிய கீறலிட்டு எடுத்த கொழுப்பை உள்ளே வைத்தார்கள். கொழுப்பில் நீர் ஊறாது. அதன் மேல் தொடைத் தசையின் உறையிலிருந்து ஒரு துண்டு. எல்லாவற்றுக்கும் மேல், மூக்கின் நடுச்சுவர்த் தோலை உரித்து, அதன் ரத்தக் குழாயை அறுக்காமலே திருப்பிப் போர்த்தினார்கள். ரத்தம் ஓடுவதால் அது உயிரோடு இருந்து சுற்றிலும் ஒட்டிக்கொள்ளும்.

ஒட்டும்வரை உள்ளிருந்து நீர் முட்டக் கூடாது. அதற்கு முதுகில் ஒரு நுண்குழாய் போட்டு, நீரைக் கொஞ்சம் கொஞ்சமாக ஒரு பைக்கு வடிப்பார்கள். பை காதின் மட்டத்தில் தொங்க வேண்டும். தாழ்ந்தால் அதிகம் வடிந்துவிடும், உயர்ந்தால் வடியாது. ஐந்து நாளும் அக்கா அந்தப் பையை விட்டுக் கண்ணெடுக்கவில்லை. கட்டிலை யாராவது அசைத்தால், "சிஸ்டர், மட்டம் மாறிடுச்சு!" என்பார். சிஸ்டரே ஒருநாள், "அம்மா, நீங்க எங்க வார்டுக்கே வந்துடுங்க" என்றார்.

மயக்கம் தெளிந்த அன்று மாலை அக்கா கட்டிலின் வலது ஓரத்தில், அவர் பார்வைக்கு மிகவும் பக்கவாட்டில் போய் நின்றார். கையைத் தூக்கிக் காட்டினார்.

"நேரா பாருங்க. திரும்பக் கூடாது. எத்தனை விரல்?"

அண்ணன் கூரையைப் பார்த்தபடியே படுத்திருந்தார்.

"மூணு" என்றார். "நடு விரல் நகத்துல சொட்டு நீலம் ஒட்டியிருக்கு. அதைத் தேய்ச்சுக் கழுவு."

மைத்துனர் வராந்தாவுக்குப் போய்த் தும்மினார். தும்மல்தான் என்று சாதித்தார்.

ஆறாம் நாள் முதுகுக் குழாயை எடுத்துவிட்டு உட்கார வைத்தார்கள். மூக்கின் கீழே ஒரு வெள்ளைத் துணியைக் கட்டினார்கள். ஒரு நாள் முழுதும் அது உலர்ந்தே இருந்தது.

அண்ணன் கடைக்குத் திரும்ப மேலும் மூன்று மாதம் ஆயிற்று. அந்த மூன்று மாதமும் மைத்துனர்தான் தேய்த்தார், தெருவே மடிப்பில்லாத கால்சட்டை போட்டுக்கொண்டு நடந்தது. திரும்புவதற்கு முந்தைய நாள் நானும் மைத்துனரும் மேசையைத் தூக்கிப் பிடிக்க, அக்கா நான்கு கால்களுக்கும் அடியில் ஒரு சாண் உயர மரக்கட்டைகளை வைத்து ஆணியடித்தார். இப்போது மேசை அண்ணனின் முழங்கைக்குச் சற்றுத் தாழ்வாக இருந்தது. தோள் கனத்தை இறக்க முடியாததால், அழுத்தத்துக்குப் பதில் நீராவியைக் கூட்டினோம். சட்டைக் கழுத்தை அவர் தலை நிமிர்ந்தபடியே தேய்த்தார். தும்மல் வந்தால் மூக்கைப் பிடிக்காமல் வாயைத் திறந்து தும்மினார். வீட்டுக் கைக்குட்டைகள் மட்டும் ஊறப் போடுவதற்கு முன்னால் ஒரு மணி நேரம் நீராவிக் குழாயில் காய்ந்தன.